பூச்சாடிச் செடிக்குப் பசளையிடல்
கொழும்புக் கரையோர வீடுகளில் அந்தூரியம் முதலிய பூஞ்செடிகளைப் பேணும் முறை

நெல்லுக்கும் காய்கறிக்கும் பசளையிடும் முறையைக் கமக்காரருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அடிக்கட்டுப் பசளை எப்பொழுது, மேற்கட்டுப் பசளை எப்பொழுது, அவ்வேளையில் வரம்புக்குள் நீர் எவ்வளவு நிற்க வேண்டும் என்பனவெல்லாம் அவர்களுக்குக் கைவந்த அறிவு. அக்கைவந்த அறிவே கேடாய் முடியும் இடம் ஒன்று உண்டு. அது வீட்டு விறாந்தையிலுள்ள பூச்சாடி.

பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும் தொடர்மாடி வீடுகளிற் குடியிருக்கும் பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோர், அரிசியும் முருங்கைக்காயும் கொண்டுவருவது போல், சிறு பொட்டலத்தில் யூரியாவும் கொண்டுவருவதுண்டு. சென்றமுறை வந்தபொழுது பூவின்றி நின்ற அந்தூரியச் செடியைக் கண்டு இரங்கியதன் பயன் அது. வயலில் வீசிப் பழகிய கை சாடியிலும் ஒரு பிடியை இட்டுவிடும். சில நாட்களில் இலைநுனி கருகும். சில கிழமைகளிற் செடி சாயும். பசளை போதாமையால் இறக்கும் வீட்டுச் செடிகளைக் காட்டிலும் பசளை மிகுதியால் இறப்பனவே பல.

இஃது உறவினர் வீட்டுச் செடியோடு நிற்கும் செய்தியுமன்று. காய்கறித் தோட்டத்தின் ஒரு மூலையில் நிழல்வலை கட்டி, அந்தூரியமும் செவ்வரத்தையும் சாடிகளில் வளர்த்துக் கொழும்புக்கு அனுப்பும் கமக்காரர் உளர். அவர் விற்ற செடி வாங்கியவரின் வீட்டில் மூன்று மாதத்துள் மடிந்தால், மறுமுறை அவரிடம் வாங்குவோர் இலர். செடியோடு அதற்குரிய பசளை அளவையும் சொல்லி அனுப்புதல் விற்பவருக்கே நன்மையாகும்.

ஒரு கைப்பிடியின் கணக்கு

ஓர் ஏக்கர் நிலம் ஏறத்தாழ 4,047 சதுர மீற்றர். அந்நிலத்திற்கு ஒரே தடவையில் ஓர் அந்தர், அதாவது ஏறத்தாழ 50 கிலோகிராம் யூரியா வீசப்படுகிறதென வைத்துக்கொள்க. ஒரே வீச்சுக்கு இது தாராளமான அளவு. அவ்வாறு வீசினாலும் ஒரு சதுர மீற்றருக்குக் கிடைப்பது 12 கிராமுக்குச் சற்றுக் கூடுதலே. வாயின் விட்டம் 20 சென்ரிமீற்றராகவுள்ள சாடியின் மேற்பரப்பு, ஒரு சதுர மீற்றரில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. எனவே ஏக்கருக்கு ஓர் அந்தர் என்னும் வீதத்தில் அச்சாடிக்குச் சேரவேண்டியது 0.4 கிராம், இரு விரலாற் கிள்ளியெடுக்கும் சிறு சிட்டிகை.

மட்டமாக நிரப்பிய ஒரு தேக்கரண்டி யூரியா 4 கிராம் அளவில் இருக்கும். அதனைச் சாடியிலிடுதல் ஏக்கருக்குப் பத்து அந்தர் இடுவதற்கு ஒப்பாகும். ஒரு சிறு கைப்பிடி 30 கிராமுக்குக் குறையாது. அஃது ஏக்கருக்கு எழுபத்தைந்து அந்தருக்கு மேல். எந்தக் கமக்காரரும் தம் வயலில் எழுபத்தைந்து மூடை யூரியாவைக் கொட்டார். சாடியிற் கொட்டியது அதுவே என்பதை அறியாமையாலேயே கை துணிகிறது.

மேலும், வயலில் இட்ட மிகைப் பசளைக்குப் போக்கிடம் உண்டு. ஒரு பங்கு நீரோடு வடியும். ஒரு பங்கு வேர் எட்டாத ஆழத்திற்கு இறங்கும். ஒரு பங்கு அமோனியாவாகக் காற்றிற் கலக்கும். களிமண் ஒரு பங்கைப் பிடித்து வைத்துச் சிறிது சிறிதாக விடும். நாலைந்து லீற்றர் கொள்ளும் சாடியில் இவற்றுள் எதுவும் போதிய அளவில் நிகழ்வதில்லை. இட்டது அங்கேயே தங்கி, நீர் ஆவியாக ஆவியாகச் செறிவு கூடும். வேரும் விலகிச் செல்ல வழியில்லை.

செறிந்த உப்புக் கரைசல் வேருக்குச் செய்வது என்னவென்பதை அடுக்களையிற் காணலாம். தேசிக்காயைப் பிளந்து உப்பிட்டு வைத்தால் அதனுள்ளிருந்த நீர் வெளியே வந்து காய் சுருங்கும். யூரியா உப்பன்று எனினும், மண்ணிற் சிதைந்து அமோனியமும் நைத்திரேற்றுமாகியபின் உப்பைப் போன்றே தொழிற்படும். வேரைச் சூழ்ந்த கரைசல் வேரின் உள்ளிருக்கும் சாற்றைவிடச் செறிந்தவுடன், வேர் நீரை உறிஞ்சுவதற்குப் பதிலாக இழக்கும். ஆதலாற்றான் சாடி ஈரமாக இருக்கவும் செடி வாடுகின்றது. வாடுவதைக் கண்டு மேலும் பசளையிடுவோரும் உளர்; அத்துடன் செடியின் கதை முடியும்.

அந்தூரியத்தின் இயல்பு

எடுவார் அந்திரே என்னும் பிரெஞ்சுத் தாவரவியலாளர் 1876 ஆம் ஆண்டில் தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டில் இச்செடியைக் கண்டெடுத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவர் பெயராலேயே அதன் தாவரவியற் பெயர் அமைந்துளது. மழைமிகுந்த காடுகளின் நிழலில், மரங்களின் மீதும் உக்கிய இலைக்குவையிலும் இது வேரூன்றி வாழும். அங்கே மரத்தின்மேல் வழிந்துவரும் மழைநீரிற் கரைந்துள்ள சிறிதளவு உணவே அதற்கு ஆதாரம். அடிக்கடி, ஆனால் மிக மெல்லிய கரைசலாக உணவு பெறுவது அதன் பிறவிப் பழக்கம்.

நெல்லின் கதை வேறு. 1966 ஆம் ஆண்டிற் பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஐ.ஆர். 8 முதலாகவுள்ள குறள் இனங்கள், மிகுந்த நைதரசனை ஏற்றுச் சாயாமல் நிற்குமாறு தெரிந்தெடுக்கப்பட்டவை. அவற்றின் பசிக்கு அளந்த அளவை அந்தூரியத்திற்கு அளத்தல் தகாது. நைதரசனின் வடிவத்திலும் வேற்றுமை உண்டு. நீர் நிற்கும் வயலிலே நைத்திரேற்றுப் பசளை வாயுவாகி வீணாவதால் நெல்லுக்கு அமோனியம் தரும் யூரியாவே ஏற்றது. காற்றோட்டமுள்ள கலவையில் வளரும் அந்தூரியமோ நைதரசனின் ஒரு பங்கையேனும் நைத்திரேற்றாகப் பெறுதல் நன்று.

அந்தூரியத்திற் ‘பூ’ என்று கொண்டாடப்படும் சிவந்த அல்லது வெண்மையான பகுதி பூவன்று. தென்னம்பாளையைப் போன்று பூந்துணரைக் காக்கும் ஓர் இலையே. நடுவில் நிற்கும் திரியின்மேல் நெருங்கியிருக்கும் சிறு புள்ளிகளே உண்மையான பூக்கள். வளர்ந்த செடியில் ஒவ்வோர் இலையின் கக்கத்திலிருந்தும் ஒரு பாளை தோன்றும். நன்கு பேணிய செடி ஆண்டொன்றுக்கு நான்கு முதல் எட்டு வரையான இலைகளை விடும், பூவும் அவ்வளவே. எனவே பசளை மிகுதியாற் கருகிய ஒவ்வோர் இலையும் கைநழுவிய ஒரு பூவாகும். ‘இலைக்கு வேறு பசளை, பூவுக்கு வேறு பசளை’ என்னும் வழக்கும் இச்செடியிற் பொருந்தாது. இலை ஒழுங்காக வந்தாற் பூவும் ஒழுங்காக வரும்.

இலை வந்தும் பூ வாராதாயின் முதலிற் சந்தேகிக்க வேண்டியது வெளிச்சத்தை. தொடர்மாடிகளில் அயல்வீட்டுச் சுவர் மறைக்கும் விறாந்தைகள் பல. நண்பகலில் விளக்கின்றிப் புதினப்பத்திரிகை வாசிக்க முடியாத மூலையிற் செடி நின்றால், மொட்டு இலைக்கக்கத்திலேயே மடிந்துவிடும். அக்குறையைப் பசளை தீர்க்காது. நேர்வெயில் படாது ஒளி நிறைந்த இடத்திற்குச் சாடியை மாற்றிய பின்னரே பசளையைப் பற்றி எண்ணுதல் முறை.

கடற்காற்றும் உப்பும்

பம்பலப்பிட்டியின் மேற்கெல்லை கடல். புகையிரதப் பாதையும் அதன் அருகே மரைன் டிரைவ் வீதியும் கடலோரமாகவே செல்கின்றன. மே முதல் செத்தெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று அலைநீரின் துளிகளை மாடிகளுக்குக் கொண்டுவரும். சாளரக் கண்ணாடியில் வெண்மையாகப் படிவது இலையிலும் படிகின்றது. அந்தூரியம் உப்பைத் தாங்கும் ஆற்றல் குறைந்த செடி. பசளையும் ஒருவகை உப்பே ஆதலால், கடலோர வீட்டில் வளரும் செடிக்கு உள்நாட்டுச் செடியிலும் குறைவாகவே பசளை இடவேண்டும். அக்காலத்தில் வாரம் ஒருமுறை நன்னீரால் இலைகளைக் கழுவித் துடைத்தல் பசளையிடுவதைக் காட்டிலும் பயன் தரும்.

உப்பு வந்துசேரும் வழிகள் வேறுமுள. கரையோரக் கிணறுகளில் நன்னீர் மெல்லிய படையாக உவர்நீரின்மேல் மிதக்கின்றது. மிகுதியாக இறைத்தாற் கீழுள்ள உவர் மேலெழும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் கிணறுகளில் வெங்காயமும் மிளகாயும் செய்தவர்களுக்கு இது புதுமையன்று. நாவில் வைத்து உவர்ப்புத் தெரியும் நீரை அந்தூரியத்திற்கு ஊற்றவே கூடாது. குழாய்நீர் நல்லது, மழைநீர் அதனினும் நல்லது. களனி கங்கையில் நீர் வற்றும் கடும் வரட்சியிற் கடல்நீர் ஆற்றினுள் ஏறுவதுண்டு என்பதால், அத்தகைய நாட்களிற் சேமித்த மழைநீர் கைகொடுக்கும்.

சாடிக் கலவையிற் பெரும்பாலும் சேர்க்கப்படும் தும்புச்சோற்றிலும் உப்பு மறைந்திருக்கின்றது. கரையோரப் பகுதிகளிற் பொச்சுமட்டையை உவர்நீரில் ஊறவைத்துத் தும்பு எடுப்பதாற் சோடியமும் குளோரைட்டும் சோற்றில் ஊறிவிடுகின்றன. மட்டையின் இயல்பாகவே அதிற் பொற்றாசியம் கூட; கல்சியமும் மகனீசியமும் குறைவு. புதிய தும்புச்சோற்றைச் சாக்கிற் கட்டி மூன்று நான்கு முறை நன்னீரில் ஊறவைத்துப் பிழிந்த பின்னரே சாடிக்கு இடவேண்டும். பிழிந்த நீர் கடுந்தேநீர் நிறத்திலிருந்து வெளிறும்வரை கழுவுதல் போதுமானது.

கலவையும் அடிக்கட்டும்

தோட்டமண்ணைத் தனியே சாடியில் நிரப்புதல் தவறு. ஓரிரு மாதத்தில் அது இறுகி வேருக்குக் காற்றில்லாமற் செய்யும். விரலளவான பொச்சுமட்டைத் துண்டுகள், உடைத்த செங்கல், சிரட்டைக்கரி, கழுவிய தும்புச்சோறு, நன்கு உக்கிய இலையெரு ஆகியவற்றைக் கலந்து பயன்படுத்தலாம். ஊற்றிய நீர் சில நொடிகளிற் கீழ்த்துளையால் வெளிவரல் வேண்டும்; அதுவே கலவை சரியாக அமைந்ததற்குச் சான்று.

20 சென்ரிமீற்றர் சாடிக்கு அடிக்கட்டாக ஒரு மட்டத் தேக்கரண்டி தொலமைற்றுத் தூளும், முச்சுப்பர் பொசுபேற்று, அதாவது ரி.எஸ்.பி., அரைத் தேக்கரண்டிக்கும் குறைவாக 2 கிராம் அளவிலும் கலவையோடு பரவலாகச் சேர்த்தல் போதும். தொலமைற்று, தும்புச்சோற்றிற் குறைவாகவுள்ள கல்சியத்தையும் மகனீசியத்தையும் கொடுக்கும். கல்சியம் போதாத அந்தூரியத்திற் பாளையின் மடல்கள் நிறம் மாறிக் கருகும். பூ மலர்ந்தபின் எதை இட்டாலும் அக்கருகல் மாறாது. அடுத்து வரும் பூவுக்கே பயன்படும். எப்பாவெலப் பாறைப் பொசுபேற்று மிக மெதுவாகக் கரைவது. தென்னை முதலிய நீண்டகாலப் பயிருக்கு அஃது ஏற்றது. சிறு சாடிக்கு அதைத் தேடிச் செல்லவேண்டியதில்லை.

மேற்கட்டு: மெல்லிய கரைசல்

நைதரசனும் பொற்றாசியமும் ஏறக்குறையச் சமமாகவும், பொசுபரசு அவற்றிற் பாதிக்கு மேற்படாமலும், நுண்ணூட்டங்களோடு சேர்ந்த நீரிற் கரையும் கலப்புப் பசளை கிடைப்பின் அதுவே சிறந்தது. மண்ணின்றிப் பயிர் செய்வோர் வாங்கும் அல்பேட் கலவையும் பயன்படும். பொதியில் எழுதியுள்ள அளவிற் பாதிக்கு மேற்படாமல், லீற்றருக்கு ஒரு கிராம் என்னும் வீதத்தைக் கடவாது கரைத்தல் வேண்டும். ஐந்து லீற்றர் வாளிக்கு ஒரு மட்டத் தேக்கரண்டி என்று நினைவிற் கொள்ளலாம். இரு கிழமைக்கு ஒருமுறை, ஏற்கெனவே நனைத்து வைத்த சாடிக்கு, அடித்துளையில் ஒழுகும்வரை இதை ஊற்றுக. உலர்ந்த வேரின்மேற் பசளைக் கரைசலை ஊற்றுவதே தீங்குகளிற் பெரிது.

வயற்பசளையைத் தவிர வேறொன்றும் கையில் இல்லாதவர் அதையும் பயன்படுத்தலாம், அளவுதான் மாறவேண்டும். பத்து லீற்றர் நீரில் யூரியா 2 கிராம், அதாவது அரை மட்டத் தேக்கரண்டி. மியூரியேற்றுப் பொற்றாசு 1 கிராம். இவ்வளவே. பொற்றாசில் ஏறத்தாழப் பாதி எடை குளோரைட்டாதலாற் கடற்காற்று வீசும் மாதங்களில் அதை விட்டுவிடலாம். பொற்றாசியஞ் சல்பேற்றுக் கிடைப்பின் அதையே கொள்க. யூரியாவைச் செடிக்கு ஏற்ற வடிவாக மாற்றுவன எருவில் வாழும் நுண்ணுயிர்கள். வெறுங் கரியும் செங்கல்லும் நிரப்பிய சாடியில் அவை அரிதாகையால் இலையெருவோ கூட்டெருவோ கலந்த சாடிக்கே யூரியாக் கரைசல் பொருந்தும். பல சாடிகள் உள்ளோர் முதலில் ஒன்றுக்கு மட்டும் இட்டு ஒரு மாதம் நோக்குதல் அறிவுடைமை. புது நெல்லினத்தை ஒரு பாத்தியிற் பரிசோதித்துப் பார்ப்பதும் இம்முறைதானே.

மாதம் ஒருமுறை பசளையின்றி நன்னீரால் மட்டும் சாடியை அலசவேண்டும். நாலு லீற்றர் கொள்ளும் சாடிக்கு எட்டு லீற்றர் நீரைச் சிறிது சிறிதாக ஊற்றினால் தேங்கிய உப்பு கரைந்து வெளியேறும். உவர்நிலத்தைப் போகத்திற்கு முன் நீர் கட்டி வடித்துத் திருத்துவதன் சிறு வடிவமே இது. மாடிவீட்டிற் கீழ்வீட்டாரின் விறாந்தையில் நீர் ஒழுகிச் சச்சரவு வாராதபடி குளியலறைக்குள் வைத்துச் செய்தல் நன்று. சாடியின் கீழுள்ள தட்டில் வடிந்த நீரை அப்பொழுதே கொட்டிவிடுக. அதை மீண்டும் செடி உறிஞ்சினால் அலசியது வீண். தேங்கவிட்டால் தெங்கு நுளம்பு பெருகும். நுளம்பு பெருக இடங்கொடுத்தல் 2007 ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தின்படி குற்றமுமாகும்.

சில நம்பிக்கைகள்

பொசுபரசு மிகுந்த பசளை பூவைப் பெருக்கும் என்பது பரவலான எண்ணம். அதற்கெனத் தனிப் பொதிகளும் விற்கப்படுகின்றன. பூஞ்செடிக்குப் பொசுபரசு தேவையே. ஆயின் நைதரசனையும் பொற்றாசியத்தையும் நோக்க அதன் தேவை சிறிது. தேவைக்கு மேல் இட்ட பொசுபரசு பூவாக மாறுவதில்லை. அது இரும்பு முதலிய நுண்ணூட்டங்களைச் செடிக்குக் கிட்டாமற் செய்து, இளம் இலைகளை நரம்பிடையில் வெளிறச் செய்யும். செவ்வரத்தையில் இதனை எளிதிற் காணலாம். 1840 ஆம் ஆண்டிற் செருமானிய இரசாயனவியலாளர் லீபிக்கு பரப்பிய கொள்கை இங்கு நினைக்கத்தக்கது. எந்த ஊட்டம் மிகக் குறைவாக உள்ளதோ அதுவே வளர்ச்சிக்கு எல்லை வகுக்கும். மற்றவற்றை எவ்வளவு கூட்டினும் அக்குறை தீராது. அடியிலைகள் ஓரத்தில் மஞ்சளாகி நடுவிற் பச்சை நிற்குமாயின் குறைவது மகனீசியம். லீற்றருக்கு 2 கிராம் எப்சம் உப்பை மாதமொருமுறை ஊற்றினால் அதற்குப் பரிகாரமாகும். அங்கே யூரியா கேடே.

யூரியா மிகுந்த வயலில் எரிபந்த நோயும் கபிலநிறத் தத்தியும் விரைந்து பரவுவது கமக்காரர் அறிந்ததே. அந்தூரியத்திலும் அமோனிய நைதரசன் மிகுந்த செடியையே பற்றீரியா வெளிறல் நோய் எளிதிற் பற்றுகின்றது. 1980 ஆம் ஆண்டுகளில் அவாய்த் தீவுகளின் அந்தூரியத் தோட்டங்களை இந்நோய் பெரிதும் அழித்தது. விற்பனைக்கு வளர்ப்போர் இதனை மறத்தலாகாது.

அரிசி கழுவிய நீரால் நன்மையும் சிறிது, தீமையும் சிறிது. மீன் கழுவிய நீரை ஊர்க் கறிவேப்பிலைக்கு ஊற்றலாம். மாடி விறாந்தையில் ஈயும் நாற்றமுமே மிஞ்சும், உப்பிட்டுக் கழுவியதாயிற் செடியும் கெடும். தேயிலைச் சக்கையைப் பச்சையாகச் சாடியிற் குவித்தாற் பூஞ்சணமும் சிறு கொசுகும் வரும். கூட்டெருவில் உக்கவைத்து இடுதலே முறை. கோழியெரு வெப்பமும் அமோனியாவும் மிகுந்தது. ஆறு மாதமேனும் உக்காத கோழியெரு சாடிப்பக்கமே வரலாகாது. மாட்டெரு நன்று. ஒரு பங்கு எருவைப் பத்துப் பங்கு நீரில் ஒரு வாரம் மூடி ஊறவைத்து, வடித்து, வெளிறிய தேநீர் நிறம் வரும்வரை மேலும் நீர் சேர்த்து ஊற்றலாம்.

இரசாயனப் பசளையின்றியே அந்தூரியம் வளர்க்க இயலுமா என்று வினவுவோர் உளர். இயலும். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவெம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் நெற்செய்கையாளர் பட்ட இடரும், 2021/22 பெரும்போக விளைச்சலின் வீழ்ச்சியும் நாடறிந்தவை. ஏக்கர்க் கணக்கான வயலின் தேவைக்குக் கூட்டெருவை ஒரு போகத்தில் திரட்டி முடிக்க இயலவில்லை. நாலு சாடியின் தேவைக்கோ ஒரு வீட்டின் அடுக்களைக் கழிவே மிகுதி. மூன்று மாதத்திற்கு ஒருமுறை இரண்டு பிடி உக்கிய கூட்டெருவைச் சாடியின் மேற்பரப்பில் தூவினால் அந்தூரியம் பசியின்றி வாழும். பூ சற்றுத் தாமதிக்கலாம். வயலுக்கு இன்றியமையாத யூரியாவைச் சாடிக்காகப் பொட்டலங் கட்டவேண்டிய தேவை உண்மையில் இல்லை.

காலம்

ஐரோப்பியருக்கென எழுதப்பட்ட நூல்கள் குளிர்காலத்திற் பசளையை நிறுத்துக என்று கூறும். அங்கே அக்காலத்தில் பகல் மிகக் குறுகிச் செடி உறங்கும். கொழும்பிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேர வேற்றுமையும் இல்லை. அந்தூரியம் ஆண்டு முழுவதும் வளரும். மெல்லிய கரைசலை ஆண்டு முழுவதும் இடலாம். இங்குக் கணக்கிற் கொள்ளவேண்டியது மழையும் காற்றுமே. விறாந்தையில் மழை நேராக விழும் சாடிகளில் உணவு விரைவில் அலசுண்டு போகும். அவற்றுக்குப் பெருமழை ஓய்ந்தபின் ஒருமுறை கூடுதலாக இடலாம். அறைக்குள் நிற்கும் சாடிகளை மழை அலசுவதில்லை. ஆதலால் மாதாந்த அலசலை அவற்றுக்குத் தவறவிடலாகாது. சனவரி, பெப்புருவரி மாதங்களின் வெயிலில் நீர் முந்துக, பசளை பிந்துக.

கோவிலுக்கும் வீட்டுப் பூசைக்குமெனப் பம்பலப்பிட்டி வீடுகளில் மல்லிகை, நந்தியாவட்டை, செவ்வரத்தை ஆகியனவும் சாடிகளில் வளர்க்கப்படுகின்றன. இவை வெயிலை நாடுவன. அந்தூரியத்திலும் மிகுந்த பசியுள்ளன. இவற்றுக்கு மேற்கூறிய கரைசலை வாரந்தோறும் ஊற்றலாம். மல்லிகையைக் கவாத்துச் செய்து புதுத்தளிர் அரும்பும்பொழுது பசளையிடுதல் பலன் தரும். கிளை வெட்டாத மல்லிகைக்கு இட்ட பசளை கொடியாக ஓடும்.

மிகைப்பட்ட சாடியைக் காத்தல்

சாடியின் விளிம்பில் வெண்படிவு, பழைய இலைகளின் நுனியிற் கபில நிறக் கருகல், ஈரத்திலும் வாட்டம் ஆகிய மூன்றும் ஒருங்கே தோன்றினாற் பசளை மிகைப்பட்டதென்று துணியலாம். கரையாத மணிகள் தெரிந்தால் மேற்படையை இரு விரலாழத்திற்கு அகற்றுக. பின்னர் சாடியின் கொள்ளளவுக்கு இருமடங்கு நன்னீரை மூன்று தடவையாக, அரைமணி நேர இடைவெளி விட்டு ஊற்றி வடியவிடுக. செடியை நிழலில் வைத்து இரண்டு மாதம் பசளையே இடாதிருக்கவேண்டும். கருகிய இலையில் பச்சை எஞ்சியிருந்தால் வெட்டலாகாது. செடிக்கு அதுவும் உணவு சமைக்கும்.

ஒரு கிழமைக்குப் பின்னும் வாட்டம் தீராவிடிற் செடியைச் சாடியிலிருந்து எடுத்து வேரை நோக்குக. வெண்மையாய் உறுதியாய் உள்ள வேர் உயிருள்ளது. கபிலமாய்க் குழைந்து தோலுரிவதைத் தூய கத்தியால் அறுத்து நீக்கி, புதுக் கலவையில் அடிக்கட்டின்றி நடுக. தண்டின் அடியில் வேருடன் கூடிய பக்கக் கன்று இருப்பின் அதைப் பிரித்து வேறு சாடியில் வைத்துவிடுதல் நன்று. தாய்ச்செடி தப்பாவிட்டாலும் இனம் தப்பும்.

வீட்டில் வைக்கும் யூரியா சீனியையும் உப்பையும் ஒத்த தோற்றமுடையது. அடுக்களையில் வைக்கலாகாது, பெயர் எழுதிய, மூடி இறுகிய புட்டியில், சிறுவர் கைக்கு எட்டா உயரத்தில் வைத்தல் வேண்டும். பசளை அளந்த தேக்கரண்டியைப் பசளைக்கே ஒதுக்கிவிடுக. அந்தூரியத்தின் இலையும் தண்டும் வாயில் பட்டால் எரிவும் வீக்கமும் உண்டாக்குவன. தவழும் குழந்தையுள்ள வீட்டிற் சாடியை நிலத்தில் வையாது மேசைமேல் அல்லது தூக்குச்சட்டத்தில் வைப்பதே பாதுகாப்பு.